இஷாப்பூர் 2ஏ1 ரைபிள்: ஒரு சேகரிப்பாளரின் மதிப்புரை

அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் நடுவே இஷாப்பூர் 2ஏ1 ரைபிளுக்கு நெடுங்காலம் பெரிய மதிப்பு இருந்ததில்லை. ஜெர்மனியின் மவுசர், அமெரிக்காவின் எம்1 கேரண்ட், சுவிட்சர்லாந்தின் கே31 ஆகியவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றியவர்களே, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட இந்த ரைபிளை வண்டியில் எறிந்துவைக்கும் மலிவுப் பொருளாகக் கருதினார்கள். 1990களில் இது நூறு டாலரை ஒட்டிய விலைக்கு விற்றதும் அந்த எண்ணத்துக்கு ஒரு காரணம். அது நியாயமற்ற மதிப்பீடு என்பதே என் கருத்து. ஓஹையோவில் வசிக்கும் நான், உரிமம் பெற்ற ஒரு வணிகர் வழியாக, 1967 என்று முத்திரையிட்ட 2ஏ1 ஒன்றை வாங்கி, அதைப் பெட்டியில் பூட்டி மட்டும் வைக்காமல் சுடுதளத்துக்குத் தவறாமல் எடுத்துச் சென்று வருகிறேன். பழைய துப்பாக்கிகளில் முதலாவதாக எதை வாங்கலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு, குறிப்பாக இந்தியாவிலிருந்து வந்து இங்கே குடியேறிய நண்பர்களுக்கு, நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

இந்த ரைபிளின் அருமை அதன் பிறப்பு வரலாற்றில் இருக்கிறது. 1962இல் சீனாவுடன் நடந்த போரில் இந்தியக் காலாட்படையின் பெரும்பகுதியிடம் இருந்தது, பாயின்ட் 303 அங்குலத் தோட்டாவைச் சுடும் பிரிட்டிஷ் வடிவமான லீ-என்ஃபீல்ட். ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் போல்ட்டை, அதாவது தோட்டாவை ஏற்றிப் பூட்டும் எஃகு உருளையை, கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டிய ரைபிள் அது. எதிரே இருந்த சீனப் படையிடமோ, தாமாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் டைப் 56 கார்பைன்கள் (குட்டை ரைபிள்கள்) இருந்தன. போருக்குப் பின் இந்தியா, பெல்ஜியத்தின் ஃபால் ரைபிளைத் தழுவிய 1ஏ ரைபிளை இஷாப்பூரில் தயாரிக்கத் தொடங்கியது. நேட்டோ நாடுகள் ஏற்றுக்கொண்டிருந்த 7.62 மி.மீ. தோட்டாவே இந்திய ராணுவத்தின் தோட்டாவாகவும் ஆனது. ஆனால் அவ்வளவு பெரிய படைக்கு 1ஏ ஒரே நாளில் வந்து சேர்ந்துவிடாது. அதே தோட்டாவைச் சுடும் எளிய ரைபிள் ஒன்றை விரைவாகச் செய்து, பின்னணிப் படைகளுக்கும் காவல்துறைக்கும் கொடுக்க வேண்டியிருந்தது. லீ-என்ஃபீல்டைப் பல்லாண்டுகளாகச் செய்து பழகிய கைகளும் எந்திரங்களும் இஷாப்பூரில் இருந்தன. அவற்றைக் கொண்டு 1960களின் முற்பகுதியில் உருவானது 2ஏ. அதன் திருத்தமே 2ஏ1. உற்பத்தி 1970களின் நடுப்பகுதி வரை நீடித்தது. உலகப் படைகள் தானேற்றி ரைபிள்களுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், சாதாரணப் படைவீரனுக்காக வடிவமைக்கப்பட்ட கடைசி போல்ட் ரைபிள் இது என்று பலரும் குறிப்பிடுவதுண்டு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்தியாக வேண்டும். பழைய 303 ரைபிள்களின் குழலை மாற்றி 7.62 ஆக்கியதே 2ஏ1 என்று துப்பாக்கிச் சந்தைகளில் இன்றும் பலர் சொல்கிறார்கள். அது உண்மையன்று. 7.62 தோட்டா 303-ஐவிட அதிக அழுத்தத்தை உண்டாக்குவது; அதைத் தாங்குவதற்காக மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்யப்பட்டவையே இந்த ரைபிள்கள். உருவத்தில் முதல் உலகப் போர்க் காலத்து லீ-என்ஃபீல்ட் மார்க் 3 ஸ்டார் ரைபிளை அப்படியே ஒத்திருப்பதால் வரும் குழப்பம் இது. ஒரு முறை கூர்ந்து பார்த்தால் வேறுபாடுகள் தெரிந்துவிடும். 303 ரைபிளின் மேகசின் (தோட்டாக்களை வைக்கும் பெட்டி) அடிப்பக்கம் சரிவாக இறங்கும். 2ஏ1-இன் மேகசின் பெட்டிபோல் சதுரமாக இருக்கும், பொதுவாக 12 தோட்டாக்கள் கொள்ளும். அடிக்கட்டையின் முனைத் தகடு 1ஏ ரைபிளினுடையது. குறிபார்க்கும் ஏணித் தகட்டில் முதலில் வந்த 2ஏ-இல் 2000 வரை இருந்த அளவுக் குறிகள், 2ஏ1-இல் 800 மீட்டரோடு நின்றுவிடுகின்றன. அவ்வளவு தொலைவில் நிற்கும் ஒருவரை வெறுங்கண்ணால் குறிபார்க்க முடியாது என்னும் உண்மையை ஏற்றுக்கொண்ட திருத்தம் அது. எனக்கு மிகவும் பிடித்த சிறு மாற்றமும் அதுவே.

வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது போல்ட் கைப்பிடிக்குப் பின்னால், வலப்பக்கத்தில், கட்டையின் கழுத்தைச் சுற்றியுள்ள உலோக வளையத்தை. விடுதலைக்கு முன் இஷாப்பூரில் செய்த 303 ரைபிள்களில் அந்த இடத்தில் பிரிட்டிஷ் மகுடமும் ஜி.ஆர்.ஐ. என்னும் அரச எழுத்துகளும் இருக்கும். 2ஏ1-இல் அதே இடத்தில் அசோகச் சிங்கமும், ஆர்.எஃப்.ஐ. என்னும் தொழிற்சாலைச் சுருக்கமும், ரைபிளின் பெயரும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். என் ரைபிளில் சிங்கங்களின் பிடரி தேய்ந்து மழுங்கியிருக்கிறது. ஆண்டு எண் மட்டும் நேற்று அடித்ததுபோல் ஆழமாக நிற்கிறது. இந்த இரு முத்திரைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, பிற்பாடு 1940களின் இஷாப்பூர் 303 ஒன்றையும் தேடி வாங்கினேன். ஒரே தொழிற்சாலை, ஒரே வடிவம், ஒரே இடத்தில் இரண்டு அரசுகளின் முத்திரை. சேகரிப்பின் இன்பம் என்ன என்று யாராவது கேட்டால், அந்த இரண்டு வளையங்களையும் காட்டுவதே என் வழக்கம்.

அடுத்துப் பார்க்க வேண்டியவை வரிசை எண்கள். உடற்பகுதி, குழல், போல்ட், குழல் முனையை ஒட்டிய முன்மூக்குத் தொப்பி ஆகியவற்றில் உள்ள எண்கள் ஒன்றாக இருந்தால் மதிப்பு கூடுகிறது. போல்ட் எண் மாறியிருந்தால், அதை வெறும் மதிப்புக் குறைவாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும், குழலின் அறைக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் இடையே உள்ள இடைவெளி, ஹெட்ஸ்பேஸ் என்று துப்பாக்கித் தொழிலாளர்கள் சொல்வது, அந்தந்த ரைபிளுக்கு அதனதன் போல்ட்டோடு பொருத்தி அமைக்கப்படுவது. வேறு ரைபிளின் போல்ட் வந்து சேர்ந்திருந்தால் அந்த இடைவெளி அதிகமாகிவிடலாம். அப்போது சுடுகையில் பித்தளை உறை கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பீறிடும் ஆபத்து உண்டு. எண் பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும், முதல் தோட்டாவைச் சுடுவதற்கு முன் திறமையான துப்பாக்கித் தொழிலாளி ஒருவரிடம் கொடுத்து அளந்து பார்ப்பது கட்டாயம். அதற்கு ஆகும் செலவு சிறிது.

மரக்கட்டையைப் பொறுத்தவரை, மேகசினுக்கு முன்னால் குறுக்காகச் செல்லும் திருகு ஒன்றைக் கண்டு பலர் யாரோ பழுதுபார்த்ததாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். அது பழுதன்று. கட்டை பிளக்காமல் இருக்க இஷாப்பூர் தொழிற்சாலை சேர்த்த வலுவூட்டல் அது; சேகரிப்பாளர்கள் அதை இஷாப்பூர் திருகு என்றே அழைக்கிறார்கள். உலோகப் பகுதிகளில் கறுப்பு வண்ணம் அடித்திருப்பதும் இந்திய வழக்கமே. இந்த வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் பளபளப்பாகக் கருநீலப் பூச்சு ஏற்றுவதும், கட்டையை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசுவதும் இங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேய்த்தெடுத்த மரத்தோடு ஆய்வாளர் முத்திரைகளும் போய்விடும். அவற்றைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய கிரீஸை மினரல் ஸ்பிரிட்டால் துடைத்து, மரத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகக் கையால் தேய்த்துவிட்டால் போதும்.

இதைவிடப் பெரிய கொடுமை, இறக்குமதி செய்தவர்கள் சிலர் நல்ல நிலையில் இருந்த 2ஏ1 ரைபிள்களின் குழலை வெட்டி, முனையில் கூம்பு வடிவத் தீப்பிழம்பு மறைப்பியைப் பொருத்தி, ஜங்கிள் கார்பைன் என்னும் காட்டுப்போர்த் துப்பாக்கியின் தோற்றத்தில் விற்றதுதான். உண்மையான ஜங்கிள் கார்பைன் 303 தோட்டாவைச் சுடுவது. பிற்கால லீ-என்ஃபீல்ட் எண் 4 ரைபிளின் வழியில் வந்தது. 2ஏ1-க்கும் அதற்கும் நேரடித் தொடர்பே இல்லை. அப்படி வெட்டப்பட்டவற்றை வரலாற்றுப் பொருள் என்று சொல்லி யாராவது விற்க முயன்றால் நம்பாதீர்கள். அவை கையாள வசதியானவை, காதைப் பிளக்கும் ஓசை எழுப்புபவை, அவ்வளவே.

இனி, சுடும் அனுபவம். லீ-என்ஃபீல்ட் குடும்பத்தின் உயிர், ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ 19ஆம் நூற்றாண்டில் வடிவமைத்த போல்ட்தான். பூட்டுப் புடைப்புகள் போல்ட்டின் பின்பக்கம் இருப்பதால் கை பின்னால் செல்ல வேண்டிய தூரம் குறைவு. கைப்பிடியை 60 பாகை மட்டுமே தூக்கினால் போதும். திறக்கும்போது தடையே தெரியாது. மூடும்போது மட்டும் கடைசியில் சுருள்வில்லின் எதிர்ப்பு உள்ளங்கையில் உறைக்கும். முதல் முறை எடுப்பவர்கள் அங்கே தயங்கி, மெதுவாகத் தள்ளுவார்கள். தயங்கக் கூடாது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் போல்ட் குமிழில் வைத்து, ஒரே வீச்சில் முன்னே தள்ளிக் கீழே அழுத்திப் பழகிய பின், கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமலே அடுத்த குண்டைச் சுட முடிகிறது. முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் படைவீரர்கள் 300 கெஜத் தொலைவில் நிமிடத்துக்கு 15 குறிபார்த்த குண்டுகள் சுடப் பயிற்சி பெற்றார்கள் என்பதை ஏட்டில் படித்து வியப்பது வேறு, இந்தப் போல்ட்டைக் கையில் பிடித்து, அது எப்படி இயன்றது என்று உணர்வது வேறு.

303-ஐவிட 2ஏ1 எனக்குப் பிடித்திருப்பதற்குத் தோட்டா ஒரு முக்கியக் காரணம். 303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. மேகசினில் ஏற்றும்போது மேலுள்ள தோட்டாவின் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமையாவிட்டால், ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு போல்ட் பாதியில் நின்றுவிடும். 7.62 தோட்டாவில் அந்த விளிம்பு வெளியே நீட்டியிருப்பதில்லை. எப்படி ஏற்றினாலும் சிக்குவதில்லை. அதோடு, 303 தோட்டாக்கள் இன்று அமெரிக்கக் கடைகளில் அரிதாகவும் விலை கூடியும் கிடைக்கின்றன, 7.62-ஓ எளிதில் கிடைக்கிறது.

ஆயினும் தோட்டா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 7.62 நேட்டோவும், வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் 308 வின்செஸ்டரும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையும். ஆனால் ராணுவத் தோட்டாவின் உறை பொதுவாகத் தடித்தது. ராணுவ ரைபிள்களின் அறை சற்று நீளமான இடைவெளியோடு அமைக்கப்படுவது. அழுத்த அளவுகளைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் பல்லாண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். பழைய முறையில் அளந்த எண்ணையும் புதிய முறையில் அளந்த எண்ணையும் ஒன்றாக எண்ணி ஒப்பிடுவதே அந்த வாதத்தில் பாதி. என் வழக்கம் எளிது. ராணுவத் தோட்டாவை ஒத்த, 147 முதல் 150 கிரெய்ன் வரை எடையுள்ள குண்டுகளை மட்டுமே பயன்படுத்துகிறேன். உச்ச வேகத்துக்காகச் செய்யப்பட்ட வேட்டைத் தோட்டாக்களை இதில் இடுவதில்லை. அரை நூற்றாண்டைக் கடந்த எஃகுக்கு அந்த அளவு மரியாதை உரியது. சுட்ட உறைகளை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துபவர்கள், பின்பக்கம் பூட்டும் போல்ட் சற்று நெகிழ்வதால் உறைகள் விரைவில் நீண்டு பலவீனமாகும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நூறு கெஜத்தில், மணல்மூட்டை மேல் வைத்து, வெறுங்கண்ணால் குறிபார்த்துச் சுட்டால் என் ரைபிளின் ஐந்து குண்டுகள் ஏறத்தாழ மூன்று அங்குல வட்டத்துக்குள் விழுகின்றன. விரலால் இழுக்கும் விசை (ட்ரிகர்) இரு கட்டங்களாக வருகிறது. முதல் கட்டம் இலகுவாகப் பின்வாங்கி, இரண்டாவதன் வாசலில் நின்று அறிவித்துவிட்டு விடுபடும். அதைப் பழகியபின் நவீன ரைபிள்களின் ஒற்றைக் கட்ட விசை எனக்குச் சற்றுத் திடுக்கிட வைப்பதாகவே இருக்கிறது. பின்னுதைப்பு தாங்கக்கூடியது; நான்கு கிலோவுக்கு மேற்பட்ட எடை அதைப் பெருமளவு விழுங்கிக்கொள்கிறது. ஆனால் அடிக்கட்டை முனையில் ரப்பர் இல்லை, உலோகத் தகடுதான். மெல்லிய சட்டையோடு நாற்பது ஐம்பது தோட்டாக்கள் சுட்டால் மறுநாள் தோள் சொல்லும்.

ஒப்பீட்டுக்காக, என்னிடம் உள்ள நவீன ரைபிளான ரூகர் அமெரிக்கனைச் சொல்கிறேன். அதே 308 தோட்டா. எடை மூன்று கிலோவுக்கும் குறைவு, கட்டை பிளாஸ்டிக், போல்ட்டை 70 பாகை தூக்க வேண்டும், விசையின் கனத்தை நாமே திருகிச் சரிசெய்துகொள்ளலாம். தொலைநோக்கி பொருத்திச் சுட்டால் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட வட்டத்தில் குண்டுகள் கூடுகின்றன. துல்லியம், பராமரிப்பு எளிமை, மழையில் நனைந்தாலும் கட்டை வீங்காத தன்மை ஆகிய எல்லாவற்றிலும் அது 2ஏ1-ஐ வெல்கிறது. காட்டுப்பன்றியையோ மானையோ வேட்டையாட ஒரே ஒரு ரைபிள் வாங்க நினைப்பவர் ரூகரையே வாங்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சுடுதளத்தில் ஒரு முழுக் காலை நேரத்தைச் செலவிட எதை எடுத்துச் செல்வேன் என்றால், பத்தில் ஒன்பது முறை என் கை 2ஏ1-ஐத்தான் எடுக்கும். அதன் போல்ட்டின் ஓட்டத்தை ரூகர் எட்டவில்லை. பக்கத்து மேசையில் சுடுபவர்கள் தாமாகவே வந்து விசாரிக்கும் ரைபிளும் அதுவே.

இந்தியாவில் உள்ள வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. 303, 7.62 ஆகிய இரண்டும் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட அளவைச் சேர்ந்தவை. எனவே 2ஏ1 பிறந்த நாட்டிலேயே பொதுமக்கள் அதை வைத்திருக்க முடியாது. உரிமம் உள்ளவர்களுக்கு அதன் நெருங்கிய உறவு, அதே இஷாப்பூரிலிருந்து வரும் பாயின்ட் 315 ரைபிள். அதுவும் லீ-என்ஃபீல்ட் போல்ட்டைக் கொண்டதே. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. ஆகவே அங்கே இந்தச் சேகரிப்பு மிகச் சிலருக்கே இயலும். உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளோடு 303-க்கு விடைகொடுத்தது. அரசுக் கிடங்குகளில் எஞ்சியுள்ளவற்றில் நல்ல மாதிரிகளையாவது அழிக்காமல் அருங்காட்சியகங்களுக்குக் கொடுத்தால், அந்தத் தொழிற்சாலையில் உழைத்த தலைமுறைகளுக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.

அமெரிக்காவில் கூட்டரசுச் சட்டப்படி 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகள் அரும்பழம்பொருள் வகையில் அடங்கும். அவற்றுக்கென உள்ள சேகரிப்பாளர் உரிமத்துக்கு மூன்றாண்டுக்கு 30 டாலர் கட்டணம். வாங்கியது, கொடுத்தது அனைத்தையும் பதிவேட்டில் எழுதி வைப்பது கட்டாயம். வெட்டப்பட்ட 2ஏ1-கள் மூல வடிவை இழந்தவை என்பதால் இந்த உரிமம் அவற்றுக்குப் பொருந்தாது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்கள் மற்றவர்களைப் போலவே வாங்கலாம். தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்களுக்குச் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருந்தாலொழியச் சட்டம் இடம் தராது. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறு. குறிப்பாக, பத்துக்கு மேற்பட்ட தோட்டாக்கள் கொள்ளும் மேகசினுக்குத் தடை உள்ள மாநிலங்களில் 12 தோட்டா மேகசினைப் பற்றி முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எஃகுப் பெட்டகம் வந்த பிறகே ரைபிள் வர வேண்டும். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டு.

நூறு டாலருக்கு விற்ற காலம் மலையேறிவிட்டது. என் ரைபிளுக்கு ஐந்நூறு டாலருக்குச் சற்று மேல் கொடுத்தேன். எண்கள் பொருந்தி, குழலின் உட்புற வரிகள் கூர்மையாக இருக்கும் ஒன்றுக்கு அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன். சேர்த்து ஒரு துப்பாக்கிக் கத்தி வாங்க விரும்பினால், 1907 மாதிரிக் கத்தியின் 17 அங்குல அலகை 12 அங்குலமாகக் குறைத்து இந்தியாவில் செய்தவை இதற்குப் பொருத்தமான துணை. மற்றபடி, மேகசின் இல்லாமல் வரும் 2ஏ1 எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கிவிடாதீர்கள். 303 மேகசின் அதற்கு ஒத்துவராது. உண்மையான 2ஏ1 மேகசின் தனியாகக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் நீங்கள் மிச்சம்பிடித்த பணம் முழுவதும் அதற்கே போய்விடும்.